எண்பதைத் தாண்டாதவர்

என் கணவர் ஓட்டும் வண்டியில் ஏறிக் கல்யாணத்துக்குப் போனால் கடைசிப் பந்திதான் கிடைக்கும். கொள்ளேகாலில் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு நாங்கள் போய் இறங்கியபோது பந்தல்காரர்கள் வாசலில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மைசூரில் அவர் வண்டி போடும் டாக்சி ஸ்டாண்டில் அவருக்கு ‘மாட்டு வண்டி’ என்றே பெயர். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் அசர மாட்டார். “மாட்டு வண்டிக்கு யாராச்சும் ஃபைன் போட்டுப் பாத்திருக்கயா புள்ள?” என்பார்.

அது ஒன்றுதான் அவருடைய பெருமை. ஹனூர் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் ஸ்டீரிங் பிடித்த நாளிலிருந்து அவர்மேல் ஒரு கேஸ் கிடையாது, ஓர் அபராதம் கிடையாது. நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்ட மாட்டார். மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே நின்றுவிடுவார். பின்னால் வருகிறவன் கன்னடத்தில் திட்டினால் சிரித்துக்கொண்டே கை காட்டுவார். மற்றவர்கள் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்லிப் பெருமைப்படுவதுபோல இவர் இதைச் சொல்லிக்கொள்வார். எனக்குச் சில சமயம் எரிச்சலாக வரும்.

அந்த வருஷம் அவருக்கு ஒரு நல்ல வேலை அமைவதாக இருந்தது. ஊருக்கு வெளியே உள்ள ஒரு கம்பெனி, தன் ஊழியர்களைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்கிவிட, வண்டியோடு டிரைவர்களை எடுத்தது. ராத்திரி ராத்திரியாக விமான நிலையச் சவாரி ஓட்டி அவருக்குத் தூக்கமே கெட்டுப்போயிருந்தது. இந்த வேலை கிடைத்தால் பகலில் ஓட்டலாம், இரவில் வீட்டில் படுக்கலாம். கம்பெனிக்காரர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: டிரைவரின் ரெக்கார்டு சுத்தமாக இருக்க வேண்டும், கட்டாத அபராதம் எதுவும் இருக்கக் கூடாது. அதைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சைக் கேள்வித்தாள் முன்னாடியே கையில் கிடைத்தவர் மாதிரி வீட்டுக்கு வந்தார்.

எங்கள் வண்டி ஏழு பேர் உட்காரும் வண்டி. ஆர்.சி. என் பெயரில் இருப்பதால் போலீஸ் செய்தி எதுவானாலும் என் போனுக்குத்தான் வரும். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் போன் முனகியது. வண்டி எண், ‘அதிவேகம்’ என்ற வார்த்தை, படம் பார்க்க ஓர் இணைப்பு. மோசடிச் செய்தி என்றுதான் முதலில் நினைத்தேன். மாட்டு வண்டிக்கு அதிவேகமா? பிறகு படத்தைத் திறந்தேன்.

எங்கள் வண்டிதான். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. டேஷ்போர்டில் நான் ஒட்டிவைத்த பிள்ளையார். கண்ணாடிக்குப் பின்னால் அவர், நான் காலையில் தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டையில். வேகம் நூற்று இருபதை ஒட்டி இருந்தது.

சாயங்காலம் அவரிடம் போனை நீட்டினேன். “ஏனுங்க, இது எந்த எடம்?”

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டி, பெங்களூர் ரோடு.”

“அங்க எதுக்குங்க இத்தன வேகமாப் போனீங்க?”

“நான் போகலயே.”

பொய் சொல்வதானால் அவர் முதலில் தொண்டையைச் செருமுவார். அன்று செருமவில்லை. விமான நிலையத்துக்கு ஆள் எடுக்கக் காலி வண்டியோடு போனாராம். காவிரிப் பாலம் தாண்டினாராம். ஒரு டீ குடிக்கலாம் என்று நினைத்தாராம். அப்புறம் டீக்கடையில் நின்றாராம்.

“நடுவுல?”

“நடுவுல என்ன, ரோடுதான்.”

படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் யாரும் பார்க்காத கண்களாக இருந்தன. எங்கள் கடையில் கண்ணாடி மாட்டி வைத்திருக்கும் பொம்மைத் தலை ஞாபகம் வந்தது. எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. வலது கை ஸ்டீரிங்கில் இல்லை, நெஞ்சில் இருந்தது.

“ரங்கநாதருக்குக் கையெடுத்திருக்கீங்க,” என்றேன்.

“ஆமா, எடுப்பேனே!” என்றார், பெரிய நிம்மதியோடு. கோயில் இருக்கும் பக்கம் தாண்டும்போது நெஞ்சைத் தொட்டு உதட்டைத் தொடாத டிரைவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஸ்டாண்டில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எவனோ நம்பர் பிளேட்டைக் காப்பியடித்து ஓட்டுகிறான், கேமரா கோளாறு, வெயில் கோளாறு. “நம்பரைத் திருடலாம், என்ற புருசனையுமா திருடிட்டுப் போயிப் ஸ்டீரிங்குல உக்கார வச்சுக்குவான்?” என்று நான் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

டிராஃபிக் ஸ்டேஷனுக்கு இருவருமாகப் போனோம். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். கணினியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னார்: “சாமிக்குக் கை எடுத்திருக்கார் பாருங்கம்மா. கையை எடுத்தவர் காலையும் எடுத்திருக்கலாம்.” பழைய விவரங்களைத் தட்டிப் பார்த்தபோது அந்த அதிகாரிக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒன்றும் இல்லை, வெள்ளைத் தாள். “எதிர்த்து வழக்காடினால் கோர்ட்டு முடிகிற வரை பாக்கி என்றே காட்டும். கட்டிவிட்டால் சுத்தம். ஆனால் இன்னொரு தடவை வந்தால் லைசென்ஸை நிறுத்தி வைக்க எழுதவேண்டியிருக்கும்,” என்றார். கட்டினோம். செய்யாத தப்புக்குக் கட்டுகிறோம் என்று அவர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

எனக்கு அது திருஷ்டி என்று பட்டது. வேலை கிடைக்கப்போகிறது என்று இவர் ஸ்டாண்ட் முழுக்கத் தண்டோரா போட்டிருந்தார். யார் கண் பட்டதோ. அமாவாசையன்று வண்டியைக் கழுவி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். மனசு கொஞ்சம் லேசானது.

அடுத்த அமாவாசைக்கு முன்னாடியே இரண்டாவது செய்தி வந்துவிட்டது. இந்தத் தடவை நஞ்சன்கூடு ரோடு, நல்ல பகல். படத்தைத் திறந்தேன். அதே முகம், நெஞ்சில் அதே கை. ஆனால் இதில் முன்சீட்டில் ஒரு சவாரிக்காரர் இருந்தார். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை டேஷ்போர்டை அழுத்திப் பிடித்திருந்தது. வாய் திறந்திருந்தது.

“இவரு எதுக்குங்க இப்படிப் பயந்து கெடக்கறாரு?”

“பயமா? நல்லாப் பேசிட்டுத்தான வந்தாரு,” என்றார். அவருக்கு அந்தச் சவாரி ஞாபகம் இருந்தது. எங்கே ஏற்றினார், எங்கே இறக்கினார், அவர் பேரனுக்கு என்ன உடம்பு, எல்லாம் சொன்னார். வேகம் மட்டும் தெரியவில்லை.

“அந்த எடத்துல எந்தச் சாமி?”

யோசித்தார். “ஒரு மாரம்மன் கோயில் இருக்குது, உள்ள தள்ளி.”

நம் ஊரில் எந்த இடத்தில் நின்று கையெடுத்தாலும் பக்கத்தில் ஒரு சாமி இருக்கும். அதுதான் எங்களைக் கெடுத்தது.

இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் கை சட்டையின் அதே பொத்தானைப் பிடித்திருந்தது. இரண்டிலும் தலை ஒரே அளவு சாய்ந்திருந்தது. வேறு நாள், வேறு ரோடு, வேறு சட்டை. ஆள் மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தார். அன்றைக்கு அவர் பக்கத்தில் படுக்க எனக்கு என்னவோபோல் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எங்கள் மகள் படித்த காலத்தில் இருந்த அறையில் போய்ப் படுத்துக்கொண்டேன். புழுக்கமாக இருக்கிறது என்று சாக்குச் சொன்னேன்.

அவர் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போய் அந்த அதிகாரியிடம் கெஞ்சியிருக்கிறார். இத்தனை வருஷம் ஒழுங்காக ஓட்டியவர் என்று அதிகாரியும் மனம் இரங்கி, லைசென்ஸுக்கு எழுதாமல், அபராதத்தை மட்டும் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். “பாத்தியா, பாக்கி ஒண்ணும் இல்ல,” என்று போனைக் காட்டினார். நானும் தலையாட்டினேன். ரெக்கார்டு சுத்தமாகிவிட்டது.

கண்ணில் கோளாறோ என்று எங்கள் கடைக்கே கூட்டிப்போய்ச் சோதித்தேன். கடைசி வரி எழுத்து வரை தடுமாறாமல் படித்தார். அங்கே கண்ணாடி விற்றுச் சம்பளம் வாங்கும் எனக்கே அந்த வரி கண்ணுக்குத் தெரியாது. கண்ணில் குறை இல்லை என்று ஆனபிறகு, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவர் போனிலிருந்து அந்த முன்சீட்டுக்காரருடைய நம்பரை எடுத்தேன். மண்டியா பக்கத்து வெல்ல வியாபாரி. மாசத்துக்கு இரண்டு மூன்று தடவை இவரைத்தான் கூப்பிடுவார். அந்தச் சவாரிக்குப் பிறகு கூப்பிடவில்லை.

தமிழும் கன்னடமுமாகப் பேசினார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “கூப்பிட்டேன்மா. அவர் திரும்பவே இல்ல. வண்டி மேல மேல ஸ்பீடு ஏறுது. தோளைத் தொட்டேன், அப்பவும் இல்ல. வாயில என்னமோ முணுமுணுத்துட்டே இருந்தார். சரி, மந்திரம் சொல்றார், ஜபத்துல இருக்கறவரக் கலைக்கக் கூடாதுன்னு நானும் கைகூப்பிக்கிட்டு உக்காந்துட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அவரே ஸ்பீடக் கொறச்சு, ‘எளநி குடிக்கலாங்களா சார்’னு கேட்டாரும்மா. ஒண்ணுமே நடக்காத மாதிரி. அதுதான் எனக்கு ஜாஸ்தி பயமாயிருச்சு. தப்பா நெனச்சுக்காதீங்க, அவருக்கு ஏதோ தெய்வம் எறங்குது.”

என் கணவருக்கு ஒரு மந்திரமும் தெரியாது. வெள்ளிக்கிழமை விளக்குக்குத் தீப்பெட்டி எடுத்துக் கொடுப்பதோடு அவர் பக்தி முடிந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை. அடுக்களை மேசையில் அவர் ராகி ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்பருகில் நின்றேன். “நாளைக்கு வண்டிய சர்வீஸுக்கு விட்டுட்டு, அப்படியே...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“அப்படியே?” என்று திரும்பினேன்.

வலது கை ரொட்டியை விட்டுவிட்டு மெல்ல எழுந்து நெஞ்சுக்குப் போனது. பொத்தானைத் தேடிப் பிடித்துத் திருகியது. வாயில் ஒன்றும் இல்லாமலே தாடை மென்றது. உதடுகள் ஈரமாகச் சப்புக்கொட்டின. விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். எதிரே போய் நின்றேன். என்னைப் பார்த்தார் என்று நினைத்தேன். ஒரு பக்கமாக நகர்ந்தேன். கண்கள் என்னோடு வரவில்லை. நான் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே ஃபிரிட்ஜ்தான் இருந்தது. எந்தக் கோயிலும் இல்லை, எந்தச் சாமியும் இல்லை, ஃபிரிட்ஜுக்கு யாரும் கையெடுப்பதும் இல்லை.

“ஏனுங்க! ஏனுங்க!”

குக்கர் விசில் அடித்தது. அவர் இமைக்கவில்லை. குனிந்து பார்த்தேன். ஏன் குனிந்தேன் என்று தெரியவில்லை. மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பாதம் முழுக்க நரம்பு புடைத்திருந்தது. இன்னும், இன்னும் என்று அழுத்தியது.

பிறகு கால் தளர்ந்தது. கை இறங்கி, கொஞ்சம் தடுமாறி, ரொட்டியைப் பிட்டது. “...பேங்குக்குப் போயிட்டு வந்தர்றேன்,” என்று விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடித்தார். தரையில் குந்தியிருந்த என்னைப் பார்த்து, “என்ன புள்ள, ஸ்பூன் விழுந்துருச்சா?” என்று கேட்டார்.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதரைப் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குச் சாயங்காலமே கம்பெனியிலிருந்து போன் வந்தது. ரெக்கார்டு சரியாக இருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து வரலாம் என்றார்கள். அவர் மகளுக்குப் போன் போட்டார், ஸ்டாண்டுக்குப் போன் போட்டார், மைசூர் பாகு வாங்கிக்கொண்டு வந்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். அசதியாக இருக்கும், ராத்திரித் தூக்கம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அந்த வண்டியில் ஏறப்போகிறவர்கள் எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகள். ஏறியதும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, டிரைவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் கண்ணை மூடிவிடுவார்கள். முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியவில்லை.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார். அதனால் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கொண்டவரின் முகத்தைத் திருடன் மாதிரி நோட்டம் பார்த்தது கேவலமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைப் பருப்பைத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தோம். அவர் விரலிலிருந்து ஒரு பருப்பு நழுவி உருண்டது. எடுக்கவில்லை. கை நெஞ்சுக்கு ஏறியது. நான் போனில் வீடியோ எடுத்தேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து அவரிடம் கொடுத்தேன். பார்த்தார். முதலிலிருந்து மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவை சத்தத்தைக் கூட்டி, “ஏனுங்க, ஏனுங்க” என்று நான் கூப்பிடுவதைக் கேட்டார்.

“இத்தன தடவ கூப்பிட்டயா நீ?”

“கூப்பிட்டனுங்க.”

“பருப்பு பிதுக்குனது ஞாபகம் இருக்குது. இது இல்ல.” போனைக் கவிழ்த்து வைத்தார். வெகுநேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. எழுந்துபோய்ப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து ஃபிரிட்ஜ்மேல் வைத்தார்.

மறுநாள் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா வீடியோவைப் பார்த்ததும், தலையில் வயர் ஒட்டிச் சோதிப்பதற்கு முன்னாடியே, இது ஒரு வகை வலிப்பு என்றார். கீழே விழுந்து கைகால் வெட்டினால்தான் வலிப்பு என்று நினைத்திருந்தேன். இப்படி உட்கார்ந்த இடத்திலேயே, கண்ணைத் திறந்துகொண்டே, ஆள் ஒரு நிமிஷம் இல்லாமல் போய்விட்டுத் திரும்பி வருவதும் உண்டாம். தூக்கம் கெட்டால் அதிகம் வருமாம். மாத்திரை எழுதினார். வண்டி மட்டும் தொடக் கூடாது என்றார். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். இந்த மனுஷன் கையில் இத்தனை நாளும் சாவி இருந்தது, அதனால்தான் கீழே விழவில்லை போலிருக்கிறது என்று நான் சொன்னேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்த நேரத்தில் அப்படி ஏதாவது சொல்லாவிட்டால் தாங்காது.

எங்கள் வண்டியை ஸ்டாண்டில் அவரோடு ஓட்டும் நண்பர் ஒருவர் எடுத்து ஓட்டுவதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், கம்பெனிக்குப் போனில் சொன்னால் போதும் என்றேன். இவர் கேட்கவில்லை, நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்றார். நண்பர் ஓட்ட, நாங்கள் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து போனோம். தன் வண்டியின் பின்சீட்டில் அவர் உட்கார்ந்தது அன்றுதான். கால் நீட்ட இடம் போதவில்லை என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்.

கம்பெனியில் இருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டு, “ரெக்கார்டு க்ளீனா இருக்குதே சார், ஏன் வேண்டாங்கறீங்க?” என்று கேட்டான்.

“ஒடம்பு சரியில்லீங்க,” என்றார். இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

திரும்பி வரும்போது ரிங் ரோட்டில் வெயில் கண்ணாடியில் வந்து அடித்தது. இவர் முன்னால் இருக்கும் ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனபின், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“அந்த ரெண்டு தடவயும் வண்டி லேன் மாறல. எதுலயும் முட்டல. லாரியெல்லாம் போற ரோடு புள்ள அது. நான்தான் அங்க இல்லயே. அப்ப யாரு ஓட்டுனது?”

அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு, “நம்ம சாமிதானுங்க,” என்றேன்.

அவர் அதை நன்றாக யோசித்துப் பார்த்தார்.

“சாமி ஓட்டியிருந்தா ஃபைன் வந்திருக்குமா புள்ள?” என்றார், இந்தத் தடவை சத்தமாகவே.

நண்பர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.